பாக்கெட் கறி: தேதி சரி... குளிர் சரியா?

பல்லடத்தில் தினமும் ஒரு விலை அறிவிக்கிறார்கள். பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு சொல்லும் அந்தப் பண்ணைக் கொள்முதல் விலையை ஒட்டித்தான் கோவை, திருப்பூர், ஈரோட்டுக் கறிக்கடைகளின் போர்டில் 'இன்றைய விலை' ஏறுவதும் இறங்குவதும். முட்டைக்கு நாமக்கல், கறிக்கோழிக்குப் பல்லடம். 1984-ல் உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா நிறுவனம் ஒப்பந்தப் பண்ணை முறையைப் பிற மாநிலங்களுக்குக் கொண்டுபோனதும் இந்த மண்ணிலிருந்துதான். கோழி வளரும் பண்ணைக்கும் கொங்கு வீட்டு அடுப்புக்கும் நடுவில் ஒரு மணி நேர பஸ் பயணம்தான்.

அப்படியிருந்தும் சனிக்கிழமை சாயங்காலம் கோவையில் ஏதாவதொரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் போய்ப் பாருங்கள். கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டியைச் சுற்றிக் குழந்தைகள் நிற்பார்கள். நக்கட்ஸ், சாசேஜ், சலாமி, கபாப், சிக்கன் பாப்கார்ன், பொரித்த பந்துகள். "ஸ்கூல் லீவுதானேம்மா, இதுல ரெண்டு எடுத்துக்கலாம்" என்று ஒரு குரல். "ஒண்ணு போதும் கண்ணு" என்று இன்னொரு குரல். கடைசியில் கூடையில் மூன்று இருக்கும்.

கறிக்கடையில் வாங்கும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் சும்மா வாங்குவதில்லை. "ஏனுங்கண்ணா, கோழி எப்ப வந்துச்சு? அந்தக் கோழி வேண்டாமுங்க, சோர்ந்து நிக்குது" என்று நிறுத்திக் கேட்பார்கள். கண்ணெதிரே வெட்டச் சொல்வார்கள். ஈரல் நிறத்தைப் பார்ப்பார்கள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்துவிடுவார்கள். பாக்கெட்டில் இதில் ஒன்றுகூட முடியாது. கண்ணும் மூக்கும் செய்த வேலையை அட்டையில் அச்சிட்ட எழுத்துகளிடம் ஒப்படைத்துவிட்டோம். அந்த எழுத்துகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: எக்ஸ்பைரி தேதி.

அந்தத் தேதிக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைத்தான் யாரும் படிப்பதில்லை.

நாமக்கல் கொடுத்த பயம்

2023 செப்டம்பரை நாமக்கல் மறந்திருக்காது. ஊரில் ஓர் உணவகத்தில் ஷவர்மா உள்ளிட்ட அசைவ உணவு சாப்பிட்டவர்கள் அடுத்தடுத்து வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மருத்துவக் கல்லூரி மாணவர்கள், குழந்தைகள், கர்ப்பிணி என 40 பேருக்கும் மேல். 14 வயதுப் பள்ளி மாணவி ஒருவர் இறந்துபோனார். உணவக உரிமையாளரும் ஊழியர்களும் கைது செய்யப்பட்டார்கள். மாவட்டம் முழுக்க ஷவர்மா, கிரில் சிக்கன் போன்றவற்றுக்குத் தற்காலிகத் தடை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2022 மே மாதம், கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் இதேபோல ஷவர்மா சாப்பிட்ட ஒரு மாணவி இறந்திருந்தார். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது வரை இந்தக் கவலை நீண்டது.

இந்தச் செய்திகளைப் படித்த பல அம்மாக்கள் எடுத்த முடிவு நியாயமானதுதான். 'வெளியில் எதுவும் வேண்டாம். நல்ல கம்பெனி பாக்கெட்டா வாங்கி வீட்டிலேயே பொரிச்சுக் குடுத்துடலாம்.'

தெருவோரக் கம்பியில் சுற்றும் கறியைவிட, முறையான ஆலையில் தயாரான பாக்கெட் பொதுவாகப் பாதுகாப்பானது என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆலையில் வெப்பநிலை குறித்துவைக்கப்படுகிறது, மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். ஆனால் அந்தப் பாதுகாப்பு ஆலை வாசலில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து லாரி, கிடங்கு, கடை, உங்கள் ஸ்கூட்டர், உங்கள் ஃப்ரிட்ஜ். இந்த ஐந்தில் ஏதாவது ஒன்று சறுக்கினாலும் அட்டையில் தேதி மாறாது. அது அப்படியே சிரித்துக்கொண்டிருக்கும்.

எல்லாம் 'குக்டு' இல்லை

ஒரே ஃப்ரீசர் பெட்டியில் அருகருகே கிடக்கும் பாக்கெட்டுகள் ஒரே ரகம் என்று நினைப்பதுதான் முதல் குழப்பம்.

சலாமி, ஃபிராங்ஃபர்ட்டர் வகைச் சாசேஜ்கள் ஆலையிலேயே முழுவதுமாக வேகவைக்கப்பட்டவை. சீக் கபாப் சில நிறுவனங்களில் முழுதாக வெந்தது, சிலவற்றில் இல்லை. நக்கட்ஸும் சிக்கன் ஃபிங்கரும் இன்னும் குழப்பம். வெளியே பொன்னிறமாக இருப்பதால் வெந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் மேல் மாவு ஒட்டிக்கொள்வதற்காக மட்டும் சில நொடிகள் எண்ணெயில் முக்கி எடுத்து, உள்ளே கறி பச்சையாகவே இருக்கும் தயாரிப்புகளும் உண்டு. கனடாவில் இந்த வகை உறைந்த கோழியால் சால்மோனெல்லா நோய் அடுத்தடுத்துப் பரவியது. வெந்தது என நினைத்து லேசாகச் சூடாக்கிச் சாப்பிட்டவர்கள் அதில் நிறையப் பேர். கடைசியில் 2019 ஏப்ரல் 1 முதல் அந்த நாட்டு உணவு ஆய்வு அமைப்பு, இப்படிப்பட்ட பாக்கெட்டுகளில் சால்மோனெல்லா கண்டறிய முடியாத அளவுக்குக் குறைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

எனவே பாக்கெட்டில் 'ரெடி டு ஈட்' என்று இருக்கிறதா, 'ரெடி டு குக்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் அது பச்சைக் கறிதான், அதற்குரிய மரியாதையோடு சமைக்க வேண்டும். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்பது கணக்கு. வீட்டில் தெர்மாமீட்டர் கிடையாது. ஒன்றை நடுவில் பிய்த்துப் பாருங்கள்: ஆவி பறக்க வேண்டும், உள்ளே ரப்பர் போன்ற வழுவழுப்போ இளஞ்சிவப்போ இருக்கக் கூடாது. மைக்ரோவேவ் ஒரு பக்கம் கொதிக்க வைத்து இன்னொரு பக்கம் குளிராக விட்டுவிடும். ஏர் ஃப்ரையரில் கூடையை ரொப்பினாலும் அதே கதை.

ஃப்ரீசரில் இல்லாமல் சாதாரண அலமாரியில் நிற்கும் பிரியாணி, சிக்கன் கறி பைகள் தனிக் குடும்பம். அவற்றை ரிட்டார்ட் பை என்பார்கள். பைக்குள் உணவைப் போட்டு மூடிய பிறகு, அழுத்தத்தில் சுமார் 121 டிகிரியில் சூடாக்குகிறார்கள். ராணுவ வீரர்களுக்காக மைசூரு பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடம் இந்தத் துறையில் நிறைய வேலை செய்திருக்கிறது. இந்தப் பைகளுக்குக் குளிர் தேவையில்லை. ஆனால் பை உப்பியிருந்தால், ஓரத்தில் கசிந்திருந்தால், முகர்ந்துகூடப் பார்க்க வேண்டாம். நேராகக் குப்பைதான்.

உப்புக்கண்டமும் ஃப்ரீசரும்

கறியைக் கெடாமல் வைப்பது நமக்குப் புதிதல்ல. ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன்னால் நோன்பி, விருந்து முடிந்து மிஞ்சிய ஆட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் காயவைத்தார்கள் அமுச்சிமார்கள். உப்புக்கண்டத்தில் நடப்பது எளிய விஷயம். தண்ணீர் போய்விட்டால் கிருமி வளர வழியில்லை. அந்தக் கறிக்கு மின்சாரம் போனாலும் கவலை இல்லை.

நக்கட்ஸ் அப்படியல்ல. உள்ளே தண்ணீர் இருக்கிறது, புரதம் இருக்கிறது, மேலே மாவு இருக்கிறது. கிருமிக்குப் பந்தி விரித்துவைத்த மாதிரி. பந்தியில் உட்கார விடாமல் தடுப்பது குளிர் ஒன்றுதான். உறைந்த உணவுக்கு மைனஸ் 18 டிகிரி. 'சில்டு' வகைக்கு 4 டிகிரிக்குள். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'மைனஸ் 18 டிகிரியில் வைத்தால்' என்றொரு வாக்கியம் இருக்கும். எக்ஸ்பைரி தேதியின் நிபந்தனை அதுதான். அந்தக் குளிர் தவறியிருந்தால், ஒன்பது மாதம் என்று போட்டிருப்பதற்கு அர்த்தம் கிடையாது.

2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில், ராஜஸ்தானிலிருந்து ரயிலில் வந்த 2,000 கிலோவுக்கும் அதிகமான இறைச்சி பிடிபட்டது நினைவிருக்கிறதா? நாய்க்கறி என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது. அசைவ ஹோட்டல்களில் வியாபாரம் படுத்தது. கால்நடை மருத்துவக் கல்லூரியில் சோதித்துப் பார்த்ததில் அது ஆட்டுக்கறி என்று தெரிந்தது. ஊரே 'என்ன மிருகம்?' என்று கேட்டது. ஜோத்பூரிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் அந்தக் கறி எந்தக் குளிரில் வந்தது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் காணாமல் போனது. அதுதான் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கடையில் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. பாக்கெட்டே பதில் சொல்லும். கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். நக்கட்ஸ் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கடகடவென்று ஆட வேண்டும். எல்லாம் ஒட்டிக் கட்டியாகிவிட்டதா? ஒருமுறை இளகி மறுபடி உறைந்திருக்கிறது. பாக்கெட்டுக்குள் பனித்தூள் கொட்டிக் கிடப்பதும் அதே சந்தேகத்தைத் தரும். ஃப்ரீசர் பெட்டியின் உள்சுவரில் ஒரு கோடு இருக்கும், அதற்கு மேல் சரக்கு அடுக்கக் கூடாது என்று அர்த்தம். தள்ளுபடி நாட்களில் அந்தக் கோடு எங்கே என்றே தெரியாத அளவுக்கு அடுக்கியிருப்பார்கள். மேலே கிடப்பதை எடுக்காதீர்கள், அடியில் இருந்து எடுங்கள். பெட்டியில் வெப்பநிலை காட்டும் சின்னத் திரை இருந்தால் அதையும் ஒரு பார்வை.

ராத்திரி கடை சாத்தும்போது கரன்ட் பில்லை மிச்சம் பிடிக்க ஃப்ரீசர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் கடைக்காரர் ஒருவர் இருந்தாலும் போதும். காலையில் எல்லாம் மறுபடி கல்லாகிவிடும். வாடிக்கையாளர் வருவதற்குள் தடயமே இருக்காது, அந்தப் பனித்தூளைத் தவிர.

பிறகு நம் பங்கு. ஏப்ரல் மாதக் கோவை வெயிலில், மளிகை எல்லாம் வாங்கி முடித்து, பில் போட்டு, வழியில் டீ குடித்து, பாப்பாவை டியூஷனில் விட்டு வீட்டுக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். பாக்கெட் அதுவரை வண்டி டிக்கியில் வெந்துகொண்டிருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் கறி அங்கே இருக்கக் கூடாது, கடும் வெயிலில் ஒரு மணி நேரம்தான். ஃப்ரீசர் சாமானைக் கடைசியில் எடுப்பது, நேராக வீட்டுக்கு வருவது. இதற்குப் பைசா செலவில்லை.

வீட்டில் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜா? மேலே இருக்கும் அந்தச் சின்ன ஃப்ரீசர் பல வீடுகளில் மைனஸ் 18-ஐத் தொடுவதே இல்லை. ஐஸ்கிரீம் வைத்துப் பாருங்கள். கல்லாக நின்றால் சரி. ஸ்பூன் வழுக்கிக்கொண்டு இறங்கினால், அந்த ஃப்ரீசரில் பாக்கெட்டை மாதக்கணக்கில் வைக்கக் கூடாது, சில நாட்களில் தீர்த்துவிட வேண்டும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையும் இருக்கிறது. 'நாளை காலை 9 மணி முதல் மின்சாரம் இருக்காது' என்று அறிவிப்பு வந்தவுடன் மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புகிறோம். ஃப்ரீசரை யாரும் நினைப்பதில்லை. நிறைய சாமான் இருக்கும் ஃப்ரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாங்கும். பாதி காலியென்றால் 24 மணி நேரம். கீழே ஃப்ரிட்ஜ் பகுதி 4 மணி நேரம்தான். ஆக, பகல் முழுக்க கரன்ட் போனால் ஃப்ரீசரில் உள்ள நக்கட்ஸ் பிழைத்துக்கொள்ளும், கீழ்த்தட்டில் பிரித்து வைத்த சலாமி பிழைக்காது.

பேக்கரியில் யார் தேதி பார்ப்பது?

கோவைக்காரர்களுக்கு பேக்கரி என்பது கடை மட்டுமல்ல. காலை டீ, மாலை பப்ஸ், ராத்திரி பஸ் பிடிக்கும் முன் ஒரு சாண்ட்விச். தெருவுக்கு இரண்டு இருக்கும். அங்கே விற்கும் சிக்கன் ரோல், பர்கர், சாசேஜ் பன், பீட்சாத் துண்டு எல்லாவற்றுக்கும் உள்ளே போவது பெரும்பாலும் இதே பாக்கெட் கறிதான். ஆனால் பாக்கெட்டைப் பிரிப்பது நாம் இல்லை. எக்ஸ்பைரி தேதி நம் கண்ணில் படவே படாது.

இன்னொன்றும் உண்டு. பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதி, பாக்கெட் மூடியிருக்கும்வரைதான். பிரித்துவிட்டால் புதுக் கணக்கு தொடங்குகிறது. பெரும்பாலான சலாமி, சாசேஜ் பாக்கெட்டுகளில் 'பிரித்தபின் குளிரில் வைத்து இத்தனை நாட்களுக்குள் பயன்படுத்தவும்' என்று இருக்கும். வழக்கமாக மூன்று, நான்கு நாட்கள். இரண்டு கிலோ மொத்த பாக்கெட்டைப் பிரித்து, தினமும் பத்துத் துண்டு எடுத்து, கத்தியைத் துடைக்காமல், அதே பலகையில் காய்கறியும் நறுக்கும் கடையில் அந்தக் கணக்கை யார் வைத்திருப்பார்? நன்றாக வைத்திருக்கும் கடைகளும் இருக்கின்றன. பிரித்த தேதியை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டும் பேக்கரி என்றால் தைரியமாகச் சாப்பிடலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் பல்பு வெளிச்சத்தில் காலையிலிருந்து வெதுவெதுப்பாக உட்கார்ந்திருக்கும் சிக்கன் ரோல் என்றால், அன்றைக்கு தேங்காய் பன்னே மேல்!

குளிரிலும் வளரும் ஒருவன்

இதுவரை சொன்ன கிருமிகளுக்கெல்லாம் குளிர் எதிரி. குளிரைச் சட்டை செய்யாத ஒன்று இருக்கிறது, பெயர் லிஸ்டீரியா. ஃப்ரிட்ஜின் 4 டிகிரியிலும் மெதுவாக வளரும். நன்றாகச் சூடாக்கினால் செத்துவிடும். அப்படியென்றால் ஆலையிலேயே வெந்த சாசேஜில் எப்படி வருகிறது? வெந்த பிறகு வருகிறது. ஆறவைக்கும் இடம், துண்டு போடும் இயந்திரம், பாக்கெட் போடும் மேஜை, தரையின் சாக்கடை வாய். அங்கெல்லாம் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழும். சூடாக்காமல் அப்படியே சாப்பிடும் கறி என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

தென் ஆப்பிரிக்காவில் 2017-ல் பிறந்த குழந்தைகள் காரணம் புரியாமல் இறக்கத் தொடங்கின. லிஸ்டீரியா என்று தெரிந்தது. எந்த உணவிலிருந்து என்று மாதக்கணக்கில் தெரியவில்லை. காரணம், இந்தக் கிருமி உள்ளே போய் நோயாக வெளியே வர 70 நாட்கள்வரை ஆகலாம். இரண்டு மாதம் முன்பு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

முடிச்சை அவிழ்த்தது ஒரு பிள்ளைகள் காப்பகம். 2018 ஜனவரியில் சொவேட்டோவில் ஒரு காப்பகத்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். மருத்துவர் ஒருவர் சந்தேகப்பட்டுத் தகவல் சொல்ல, சுகாதார அதிகாரிகள் காப்பகத்தின் ஃப்ரிட்ஜைத் திறந்து, அங்கிருந்த 'போலோனி'யை எடுத்துப் போனார்கள். போலோனி என்பது அந்த நாட்டு ஏழை வீடுகளின் மலிவு விலைச் சாசேஜ், ரொட்டியில் வைத்துச் சூடாக்காமல் சாப்பிடுவார்கள். அந்தத் துண்டில் இருந்து தடம் பிடித்துப் போனதில், டைகர் பிராண்ட்ஸ் குழுமத்தின் பொலோக்வானே ஆலைக்குள் அதே மரபணு கொண்ட லிஸ்டீரியா கிடைத்தது. மார்ச் 4 அன்று அமைச்சர் அறிவித்தார். 1,060 பேருக்கு நோய் உறுதியானது, 216 பேர் இறந்திருந்தார்கள். நோய் கண்டவர்களில் ஐந்தில் இரண்டு பேர், பிறந்து 28 நாட்கள்கூட ஆகாத சிசுக்கள். சாசேஜ் சாப்பிட்டது அவர்களின் அம்மாக்கள். அம்மாவுக்கு லேசான காய்ச்சலாக வந்து போகும், குழந்தையைத்தான் கொண்டுபோகும். உலகத்தில் பதிவான லிஸ்டீரியா பரவல்களில் இதுதான் மிகப் பெரியது.

பணக்கார நாட்டிலும் நடந்தது. 2024-ல் அமெரிக்காவில் போர்ஸ் ஹெட் என்ற புகழ்பெற்ற நிறுவனத்தின் வர்ஜீனியா ஆலைச் சாசேஜால் 61 பேர் நோயுற்று 10 பேர் இறந்தார்கள். பூஞ்சை, பூச்சி, சுவரில் கறித் துணுக்கு என்று ஆய்வாளர்கள் அந்த ஆலையைப் பற்றி முன்பே பலமுறை எழுதிவைத்திருந்தார்கள்.

அங்கேயெல்லாம் கண்டுபிடித்தார்கள், ஏனென்றால் தேடினார்கள். நம் ஊரில் காய்ச்சலுக்குப் பின் கரு கலைந்த பெண்ணிடம் 'ஃப்ரிட்ஜில் இருந்த சாசேஜைச் சூடாக்காமல் சாப்பிட்டீர்களா?' என்று கேட்பது வழக்கமில்லை. கேட்காத கேள்விக்குக் கணக்கும் இருக்காது. எனவே கர்ப்பிணிகள், 60 வயது தாண்டியவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள் இருக்கும் வீட்டில் சலாமி, சாசேஜ் எதுவானாலும், பாக்கெட்டில் 'ரெடி டு ஈட்' என்றே போட்டிருந்தாலும், ஆவி பறக்கச் சூடாக்கித்தான் கொடுக்க வேண்டும்.

அட்டையைத் திருப்பினால்

சாசேஜின் இளஞ்சிவப்பு நிறம் எங்கிருந்து வருகிறது? வெந்த கறி பழுப்பாகத்தானே இருக்க வேண்டும்? பொருட்களின் பட்டியலில் 'ஐ.என்.எஸ் 250' என்று ஓர் எண் தெரியும். சோடியம் நைட்ரைட். நிறத்தைத் தக்கவைப்பது அதன் ஒரு வேலை, பாட்டுலினம் என்ற ஆபத்தான நச்சுக் கிருமியைத் தடுப்பது இன்னொரு வேலை. எனவே அதை வெறும் சாயம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதே நேரம், 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவை பட்டியலில் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவிகிதம் கூடும் என்றது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று இதற்குப் பொருள் இல்லை. மாதம் ஒருமுறை ஆசைக்குச் சாப்பிடுபவர் தூக்கம் கெட வேண்டாம். டிபன் பாக்ஸில் வாரம் ஐந்து நாள் சாசேஜ் வைப்பவர் யோசிக்க வேண்டும்.

உப்பையும் பாருங்கள். 'சோடியம்' என்று மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்தான் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பொருட்களின் பட்டியல் எடை வரிசைப்படி இருக்கும், அதிகமாக இருப்பது முதலில். கோழிக்கு அடுத்த இடத்திலேயே தண்ணீர், ஸ்டார்ச், சோயாப் புரதம் வந்துவிட்டால், கறி விலை கொடுத்து மாவு வாங்குகிறீர்கள் என்று புரிந்துகொள்ளலாம். உடலுக்குக் கெடுதல் இல்லை, பர்ஸுக்குத்தான்.

14 இலக்க உரிம எண்ணும் இருக்கும். 100 என்று தொடங்கினால் மத்திய உரிமம், 124 என்றால் தமிழ்நாட்டு உரிமம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும். பெரிய எழுத்தில் இருக்கும் பிராண்ட் பெயரும், பொடி எழுத்தில் இருக்கும் 'தயாரித்தவர்' முகவரியும் பல நேரங்களில் வேறு வேறு. கறி வெந்தது இரண்டாவது முகவரியில்.

கெட்டிருந்தால்...

வீட்டுக்கு வந்து பிரித்தபின் புளித்த வாடை, பிசுபிசுப்பு, உப்பிய பாக்கெட். நிறையப் பேர் செய்வது இரண்டில் ஒன்று. திட்டிக்கொண்டே குப்பையில் போடுவது, இல்லையென்றால் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது. இரண்டாலும் கடையின் ஃப்ரீசரில் கிடக்கும் மற்ற பாக்கெட்டுகள் வெளியே வரப்போவதில்லை.

பிரித்த பாக்கெட்டை வைத்து அதிகாரிகளால் அதிகம் செய்ய முடியாது, வீட்டில் கெட்டதா கடையில் கெட்டதா என்று கடைக்காரர் கேட்பார். அதே பேட்ச் எண்ணில் கடையில் இருக்கும் பாக்கெட்டை அவர்கள் சட்டப்படி மாதிரி எடுக்க முடியும். அதனால்தான் பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, உரிம எண் மூன்றும் தெரியும்படி பாக்கெட்டைப் படமெடுக்க வேண்டும். பில் வேண்டும். எடுக்கும் மாதிரியை நான்கு பாகமாகப் பிரித்து ஒன்றைப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தமிழகத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கும் ஆறு ஊர்களில் கோவையும் ஒன்று, சேலமும் ஒன்று. கொங்குப் பகுதிக்கு இது வசதி. மாதிரி வந்த 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம். பாதுகாப்பற்ற உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் ஏழு ஆண்டுகளுக்குக் குறையாத சிறையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் அதே சட்டத்தில் உண்டு.

பலருக்கும் தெரியாத ஒரு பிரிவும் அதில் இருக்கிறது, பிரிவு 40. வாங்கிய உணவை, கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் நுகர்வோரே சோதிக்கக் கொடுக்கலாம். சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். அறிக்கை பாதகமாக வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரு குடும்பம் தனியாகச் செய்வது சிரமம். அபார்ட்மென்ட் சங்கமோ, பள்ளிப் பெற்றோர் குழுவோ சேர்ந்து செய்தால் பெரிய வேலையில்லை.

புகாருக்குத் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கலெக்டர் அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை, பாக்கெட் படமும் பில்லும் கடை முகவரியும் அனுப்பினால் போதும். அனுப்பிய பிறகு, மிச்சம் இருக்கும் பாக்கெட்டைத் தூக்கி எறியாமல் இன்னொரு பையில் கட்டி ஃப்ரீசரிலேயே வையுங்கள். பிள்ளைகள் எடுத்துவிடாதபடி மேலே ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள்.